சுவரைப் பார்த்த நரிமுகம்

1979. பிள்ளையார்பாளையம். பகல் பதினொன்றரை.

அறையில் ஐந்து பேர்.

ஜன்னலோரப் பெஞ்சில் பட்டு ஏற்றுமதியாளர் பரசுராமன். மூலை முக்காலியில், தறி அட்டைக்குத் துளை போடும் தேவசகாயம். வாசற்படியில் இந்திராணி. நாற்காலியில் சப்-இன்ஸ்பெக்டர் ராஜவேலு.

பாயில், இந்திராணியின் கணவன் கைலாசம். சேலைக்குக் கட்டம் கட்டமாக டிசைன் வரைபவன்.

பின்மண்டை பிளந்திருந்தது...

"நான் சேதி கேட்டு ஓடியாந்தவன் சார்," என்றார் பரசுராமன். "காலைல இங்க இருந்தது தேவசகாயம்தான். நேத்தே ரெண்டு பேருக்கும் தகராறு."

"அட்டை தப்பாயிட்டுதுன்னு திட்டினாரு சார். அதுக்குக் கொல்லுவாங்களா?"

"தூக்குமேடை வரைக்கும் எல்லாரும் இதையேதான்பா சொல்லிக்கினு போறாங்க," என்றார் ராஜவேலு.

அவர் எழுந்தார். முருகன் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டத்தாளும்!

"யாரும்மா திருப்பினது?"

"தெரியல சார். சாவு வுழுந்த வூட்ல சாமி படத்தத் திருப்பி வெப்பாங்க... ஆனா நான் திருப்பல. கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்கறப்பவே அப்டித்தான் இருந்துது."

தாளைத் திருப்பினார். மனித உடல். நரித் தலை. ஆயிரம் கட்டங்களுக்குள்ளிருந்து அது அவரை முறைத்தது...

"இன்னாப்பா இது?"

"நரி சார்," என்றான் தேவசகாயம். "அமெரிக்கால டெலிவிஷன் பொட்டியில பசங்க வெளையாடுற வெளையாட்டாம். அதுல படமெல்லாம் கட்டம் கட்டமாத்தான் வருமாம், அதான் இவர்கிட்ட கேட்டாங்க."

"நாய் மூஞ்சிக்காரன்னு நான்கூட கிண்டல் பண்ணேன்," இந்திராணி விசும்பினாள்.

"நரியை எதுக்குத் திருப்பி வெக்கணும்? கேட்டு வந்த லெட்டர் எங்க?"

"மொதலாளிகிட்ட," பரசுராமனைக் காட்டினாள் இந்திராணி. "இங்கிலீஷு... எங்க வூட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது."

பரசுராமனின் கை சட்டைப் பையை மூடியது. ராஜவேலுவின் கை முந்தியது.

படித்தார்.

"எகிப்து நாட்டுப் பழைய சாமி. செத்தவங்களுக்குக் காவல். படத்தைக் கைலாசமே நேரா அனுப்பணுமாம். இனிமே நடுவுல வியாபாரி வேணாமாம்."

"சார், நான் சும்மா..."

"இவங்களுக்கு இது நரி. சாமின்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்யா. வியாபாரம் கைவுட்டுப் போயிடும்னு ஆளை அடிச்சே... பொணத்தைப் பாத்ததும் பழக்கதோஷத்துல ரெண்டு சாமியையும் திருப்பிட்டே."

பரசுராமன் கையை நீட்டினார். விலங்கு பூட்டிக்கொண்டது.

பத்து நாள் கழித்து, வழக்குக்குச் சாட்சியாகப் போன நரிப் படத்தை தேவசகாயம் ஒரு கட்டம் பிசகாமல் நகல் எடுத்தான். கீழே கைலாசத்தின் பெயர். இந்திராணி உறையில் பசை தடவி ஒட்டினாள்.

ராஜவேலு அதைத் தபால் பெட்டிக்குள் போட்டார்.

"சீக்கிரம் போய்ச் சேரட்டும்மா. இங்கியே இருந்தா இந்தச் சாமி துப்பு குடுத்துக் குடுத்தே என் வேலைக்கு உலை வெச்சுடும்."