நான்காவது கம்பி

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் மட்டும் காணாமல் போயிருந்தது.

பீம்ராவுக்கு அது உடனே உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்திருக்க, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, புதுக் கம்பிகளில் ஆக மெல்லியதை மட்டும் மாட்டிச் சுதி சேர்த்துவிட்டு, அது எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரே ஒரு முறை சுண்டிவிட்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தின் முள்ளோடு சேர்ந்து எண்ணினான். பழைய கம்பி பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிடும். இது முப்பதைத் தாண்டியும் அடங்குவதாக இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. கீழ்வீட்டில் மீன் வறுபடும் சத்தமும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் உறுமும் சத்தமும் இன்றைக்கு ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கின்றன என்று யோசித்தபடிதான் தலையைத் தூக்கினான். மூன்று வருஷமாகத் தலைக்கு மேலே கடகடவென்று புலம்பிக்கொண்டிருந்த விசிறி வாயை மூடிக்கொண்டு சுற்றியது. அதன் காற்றில் காலண்டர் தாள் படபடத்தது. அந்தப் படபடப்பு நன்றாகக் கேட்டது.

கம்பி மெல்ல அடங்கியது. அது அடங்கிய அதே நொடியில் விசிறி ‘கடக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. மின்சாரம் போகவில்லை. கிட்டார் ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இன்னா மாமா, காத்து வரல?” என்று சமையலறையிலிருந்து மாயா கேட்டாள்.

ஃபேன் செத்துடுச்சு என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் விழுங்கிக்கொண்டான். “ஃபேன் நின்னுபூட்ச்சு. காயில் போச்சு போல” என்றான்.

சாவு என்ற வார்த்தையே இந்த வீட்டில் கிடையாது. மாயாவுக்கு இரண்டு தங்கவில்லை. முதலாவது மூன்று மாதத்தில், அடுத்தது ஐந்தாம் மாதத்தில். இது மூன்றாவது; எட்டாம் மாதம் நடக்கிறது. வியாசர்பாடியில் இருந்த காலத்திலிருந்தே பீம்ராவ் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் சாவு வீட்டுக் கச்சேரிகளில்தான். இறந்தவர் பெயரைப் போட்டு விடியவிடிய பாடுவார்கள். பின்னால் இவன் பேஸ் போகும். மாயாவுக்கு நாள் தள்ளிப்போனதிலிருந்து அந்தப் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த வார்த்தையையும் இருவரும் விட்டுவிட்டார்கள். யாரும் யாருக்கும் சட்டம் போடவில்லை. பல்லி மல்லாந்து கிடந்தாலும், போனில் பேட்டரி தீர்ந்தாலும், வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்தார்கள். பயம்தான், வேறென்ன. சொன்னால் காதில் விழுந்து கூடவே வந்துவிடுமோ என்ற பயம்.

நாளைக்கு ராயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. எட்டு மாதத்தில் முதல் நல்ல காரியம். அதற்காகத்தான் புதுக் கம்பி.

கம்பி வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. பகலில் பீம்ராவுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. பல வருஷமாக யாரும் கேட்டு வராத பெட்டி ஒன்றைப் போன வாரம் திறந்தார்கள். கதவைத் திறந்ததும் சூப்பர்வைசர் கோதண்டம் உள்ளே பார்த்து ‘ஓய்’ என்று ஒரு குரல் கொடுப்பார். நாற்பதடி இரும்புப் பெட்டி அதை வாங்கி நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். அது அவருடைய பழக்கம். அன்றைக்குக் கொடுத்த குரல் திரும்பி வரவில்லை. பஞ்சு மூட்டைக்குள் கத்தின மாதிரி போய்விட்டது. கோதண்டம் இன்னொரு தரம் கத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே பாதிப் பெட்டிகூட நிறையவில்லை. மக்கிப்போன அட்டைகளுக்கு நடுவில், பெயர் அழிந்த உறைகளில், துரு ஏறாத கம்பிச் சுருள்கள். குப்பைக்குப் போக வேண்டியது என்று எழுதியாயிற்று. “நீதான் நைனா வாசிக்கிறவன், எடுத்துக்கோ” என்று கோதண்டம் ஒரு உறையை இவன் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

இரண்டாவது கம்பியை ஏற்றினான். சுதி சேர்த்தான். சுண்டினான்.

பால்கனிச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்து அரைமணி நேரமாகக் கரைந்துகொண்டிருந்தது. அதன் அலகு திறந்தது, மூடியது. கழுத்து முன்னே முன்னே போய் வந்தது. சத்தம் வரவில்லை. ஐம்பதுவரை எண்ணினான். கம்பி அடங்கும்போது ‘கா’ என்று ஒன்றே ஒன்று கேட்டது. அப்புறம் சுவரில் காக்கை இல்லை. எழுந்து போய்ப் பார்த்தான். பால்கனித் தரையில் கிடந்தது. கண் திறந்திருந்தது. எறும்புகூட இன்னும் வரவில்லை.

செய்தித்தாளில் சுற்றித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டான். வளையல் சத்தம் நெருங்கியது. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள், ஒரு கைக்கு இரண்டு டஜன். வயிற்றில் இருக்கிற பிள்ளை கேட்கட்டும் என்று போடுவது. ஒரு மாதமாக மாயா வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் பீம்ராவுக்குப் பார்க்காமலே தெரியும். இப்போது வாசலில் வந்து நின்று என்ன என்று கேட்டாள். காக்கையைத் துரத்தினேன் என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பிக் கிட்டாரை மடியில் எடுத்தான்.

“போதும் மாமா, வந்து டீ குடி” என்று அவன் பக்கத்தில் வந்து, நான்கு கம்பிகளும் வரவேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அதுவும் அவள் பழக்கம்தான். நிறுத்து என்று வாயால் சொல்ல மாட்டாள். அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கம்பிகள்மேல் கையைப் பரப்பி வைத்துவிடுவாள்; ஒலி அவள் கைக்குள் அடங்கும்.

இன்னும் ரெண்டுதான், போட்டுவிட்டு வருகிறேன் என்றான். அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயந்துபோன மனுஷன் முதலில் செய்வது, பயப்படவில்லை என்று தனக்கே நிரூபிப்பதுதான். விசிறி பழையது. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் மனுஷனுக்கே தொண்டை எரிகிறது, காக்கை எந்த மூலைக்கு என்று சொல்லிக்கொண்டான். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றாக முறுக்கி ஏற்றினான். மூன்றாவதை மட்டும் சுதி சேர்த்தான். சுண்டும்போது கண் தானாக ரோட்டுக்குப் போனது.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தன. நேர் கீழே, மஞ்சள் முகப்பு வைத்த ஒரு ட்ரெய்லர். முன்னால் இருந்த லாரியும் உறுமியது, பின்னால் இருந்த லாரியும் உறுமியது. இது மட்டும் சத்தமில்லாமல் ஊர்ந்தது. டிரைவர் வெளியே தொங்கவிட்ட கையால் கதவைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். தட்டுவது தெரிந்தது. கேட்கவில்லை.

எழுபதுவரை நின்றது கம்பி.

அடங்கியது. ஹாரன் எழுந்தது. ஒரே நீளமாக. நிற்கவேயில்லை.

கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு இரண்டு மாடியும் இறங்கி ஓடினான். அதற்குள் டிரைவரைக் கீழே இறக்கிப் படுக்கவைத்திருந்தார்கள். டீக்கடை ராமசெல்வி அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் தண்ணீர் பட்டது, வழிந்தது. அவ்வளவுதான்.

“பாட்டு பாடிகினு வந்தாருபா” என்றாள் ராமசெல்வி, யாரைப் பார்த்தும் இல்லாமல். “நான் பாத்துகினேதான் கீறேன். வாய் அசையுது, சத்தம் வரல. அப்பால அப்டியே ஸ்டியரிங்குல சாஞ்சுட்டாரு.”

பீம்ராவ் பின்வாங்கினான். இனி சந்தேகப்பட ஒன்றுமில்லை. கம்பி சத்தத்தை எடுத்துக்கொள்கிறது. கம்பி ஒலிக்கும்வரைதான் அந்தச் சத்தத்துக்கு உரியது இருக்கும். அடங்கினால் முடிந்தது. கட்டிங் பிளேயர் அலமாரியில் இருக்கிறது. போனதும் நான்கையும் வெட்டிவிட வேண்டும். இரண்டிரண்டு படியாக ஏறினான்.

முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. பிறகுதான் காதில் விழுந்தது. தடித்த கம்பி. நான்காவது. அதன்மேல் மாயாவின் சிரிப்பு, பாதியில் அறுந்தது.

அவளிடம் அவன் எதையும் சொல்லவில்லையே. காக்கையை மறைத்தான். விசிறிக்குக் காயில் என்றான்.

கதவைத் தள்ளினான். கட்டிலில் உட்கார்ந்து, தினமும் சாயங்காலம் செய்வதுபோலவே கிட்டாரின் முதுகை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள். தடித்த கம்பியைச் சுண்டினால் பிள்ளை உதைக்கும். அது அவர்கள் மூவருக்குமான விளையாட்டு. அவனைப் பார்த்து, வா வா என்று கையை ஆட்டினாள். பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சரிந்தன.

சத்தம் இல்லை.

வாய் அசைந்தது. மாமா, உதைக்குது என்றாள் என்று உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

எண்ண ஆரம்பித்தான். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. படியில் எத்தனை ஆனது? இருபதா? பாய்ந்து போய் அவள் மடியிலிருந்து கிட்டாரை வாங்கினான். ஒலி மெலிந்துகொண்டிருந்தது. சுண்டினான். மறுபடியும் நிறைந்தது. அவள் மார்பு ஏறி இறங்கியது.

முப்பது. சுண்டினான்.

முப்பது. சுண்டினான்.

அவளுக்கு அப்போதுதான் தன் குரல் இல்லை என்பது தெரிந்தது. தொண்டையைத் தொட்டாள். கைதட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்து, கண்ணில் நீர் திரண்டது. அவன் பேசுவது அவளுக்குக் கேட்டது.

“ஒண்ணும் இல்ல மாயா. ஒக்காரு. நான் வாசிச்சுகினே இருக்கணும், அவ்ளோதான்.”

ஏன் என்று கையை விரித்தாள்.

சொல்லிவிட்டால் போதும். ஒரு வார்த்தை. சொன்னால் அவள் கம்பியின் பக்கமே வரமாட்டாள். அது பல்வரை வந்தது. எட்டு மாதம் காத்த வாய். எதிரே பிள்ளைத்தாய்ச்சி. அவள் முகத்தைப் பார்த்து, அவள் வயிற்றைப் பார்த்து, அதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

“நிறுத்துனா...” என்றான். “நிறுத்துனா நல்லா இருக்காது.”

அவ்வளவுதான் சொன்னான்.

கிட்டாரின் மேல்முனையில் காதை வைத்தான். மரத்துக்குள்ளே இரண்டு துடிப்புகள் இருந்தன. மெதுவாக ஒன்று. அதன் பின்னால், அவசர அவசரமாகச் சின்னதாக ஒன்று. ஸ்கேன் எடுத்த அன்றைக்கு நர்ஸ் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவைத்தபோது கேட்டு அழுதானே, அதே துடிப்பு. இப்போதும் அழுதான். கை நிற்கவில்லை.

வெயில் கட்டிலை விட்டு இறங்கியது. கீழே ஆம்புலன்ஸ் வந்து போனது. ஆலையில் ஷிஃப்ட் சங்கு ஊதியது. யாரைக் கூப்பிடுவது? வந்து என்ன செய்வார்கள்? புதுக் கம்பியின் முறுக்கு அரம்போல இருந்தது. விரல் கொப்பளித்தது. கொப்புளம் உடைந்தது. விரலை மாற்றினான். அதுவும் உடைந்தது. ரத்தம் கம்பியின் முறுக்குக்குள் இறங்கியது. ஈரம் பட்டால் கம்பி மந்தமாகும். பேஸ் வாசிக்கும் எவனுக்கும் தெரியும்.

முப்பது, இருபத்தைந்தானது.

பதினெட்டானது.

விடியும்வரை தாங்க முடியுமா? விடிந்தால் மட்டும்? கண்ணை இறுக மூடிக்கொண்டான். சின்னத் துடிப்பை மட்டும் எண்ணினான். இருக்கிறது. சுண்டு. இருக்கிறது. சுண்டு.

பன்னிரண்டு.

மாயா எதிரில் உட்கார்ந்து அவன் விரல்களிலிருந்து தரையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பயமோ, என்ன பைத்தியமோ, இந்த மனுஷன் தனக்காகத்தான் இப்படி அடித்துக்கொள்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்தாள். நடந்து வந்தாள். வளையல் சத்தம் கேட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வெதுவெதுப்பான உள்ளங்கை ஒன்று நான்கு கம்பிகள்மேலும் மெல்லப் படிந்தது. தினமும் வைப்பதுபோல.

ஒலி நின்றது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. காதை எடுக்கவில்லை. மரத்துக்குள் மெதுவானது ஒரு முறை. சின்னது மூன்று முறை. இன்னொன்று.

பிறகு வெறும் மரம்.

உள்ளங்கை கனத்தது. கம்பிகள் நெடுகச் சறுக்கிக் கீழே இறங்கியது. கிட்டாரின் விளிம்பில் தட்டி, ஒவ்வொன்றாக, வளையல்கள் ஒலித்தன.