தொடக்கநிலையினருக்கும் ஏற்றது

தானோட்டிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றதும் உள்ளே இருந்த எல்லோரும் இடது கையை விரித்து விரல்களை எண்ணினார்கள். ஐந்து இருந்தால் விழித்திருக்கிறோம் என்று பொருள். கனவில் விரல்கள் ஆறாகும், ஏழாகும், எண்ணும்போதே ஒன்று கரைந்துபோகும். பகலில் முப்பது முறை எண்ணிப் பழகியவனுக்குக் கனவிலும் கை தானாக விரியும். எண்ணிக்கை தவறியதும் இது கனவு என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கனவு அவன் சொல் கேட்கும். அதற்குத் தெளிகனவு என்று பெயர் வைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் அது வராதவர்களை அலுவலகங்களில்கூடக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார்கள்.

செல்வினும் எண்ணினான். ஐந்து. பத்தொன்பது நாளாக ஐந்துதான்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் பொறியாளர். மனைவி அக்ஸீலியா இறந்து ஒன்றரை வருடம். காய்ச்சல். ஆறு நாள் மருத்துவமனை. கடைசி நான்கு நாளும் தொண்டையில் குழாய். பேசவில்லை. ஐந்தாம் நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உதடுகளை அசைத்தாள். என்னவோ சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. அது என்னவென்று அவளிடம் கேட்க வேண்டும். பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்துக்குள் இதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தான்.

"பத்தொம்பது நாள்தானே ஆச்சு?" என்றார் பயிற்றுநர் இசக்கியம்மாள். "நூறு நாள்னு சொன்னேன்லா?"

"என்கூடச் சேந்தவங்க எல்லாரும் கனவுல பறந்துட்டாங்க மேடம்."

"பறக்கட்டும். பறந்து கரண்டு கம்பியில உக்காரட்டும். உங்களுக்கு என்ன?"

"தெளிவி எழுதிக் குடுங்க."

தெளிவி ஒரு மாத்திரை. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தால், பயிற்சியே இல்லாதவனுக்கும் தெளிகனவு வந்துவிடும். நூறு நாள் முடித்து அட்டை வாங்கியவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி.

இசக்கியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாத்திரை கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். நானே மாசம் ஒண்ணு போடுவேன். புதுசா வர்றவங்களுக்குத்தான் ஆகாது. காலையில பல்லு வெளக்கி முடிக்கதுக்குள்ள கனவு மறந்துபோவுதுல்லா? அத ஒரு குறைன்னு நெனக்கீங்க. அது வேலி சார். கனவு அந்தப் பக்கம், நடந்தது இந்தப் பக்கம். தெளிவி ஞாபகத்தைக் கூட்டுற மருந்து. வேலியைப் பிடுங்கிரும்."

"ஒரே ஒரு கேள்விதான் மேடம்."

"அதத்தான் சொல்லுதேன். கனவுல ஒரு ஆளப் பாத்தா, கேள்விய கேட்டுட்டு வாய மூடிட்டு நிக்கணும். மனசையும் மூடணும். கடைசி நாப்பது நாளும் அந்த ஒரு பாடம்தான். பழகாதவன் என்ன செய்வான்? கேள்வியும் அவனே, பதிலும் அவனே. பதிலைக் கனவுல வந்த ஆளு வாயில வச்சிருவான்."

"அவ வாயில யாராலயும் எதையும் வைக்க முடியாது," என்றான் செல்வின்.

இசக்கியம்மாள் சிரித்துவிட்டார். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை.

மருந்துக் கடைக்காரர் அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான்.

"அப்போ மருந்தாத் தர முடியாது சார். துணையுணவாத் தாரேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பெட்டிதான்."

பெட்டி பச்சை நிறம். மேலே நிலா படம். அதன் கீழே 'தொடக்கநிலையினருக்கும் ஏற்றது' என்று அச்சிட்டிருந்தது.

அவனுக்கு இரவுப்பணி. காலையில் மகள் ஜோவிட்டாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தூங்குவான். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தான்.

சமையலறை. வெயில். அக்ஸீலியா முதுகு காட்டி நின்று நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவன் கையை விரித்தான். எட்டு விரல்.

"அக்ஸி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன சொன்ன?"

அவள் பதில் சொல்லவில்லை. மீன் தலைகள் தட்டில் விழுந்துகொண்டிருந்தன. அவன் காத்திருந்தான். ஜோவியைப் பற்றியதாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவள் திரும்பினாள்.

"ஜோவிய யார்கிட்டயும் விட்றாதீங்க," என்றாள்.

விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. எழுந்து பல் துலக்கினான். குளித்தான். தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு செதில்வரை எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது.

ஒரு கேள்வியோடு அவன் நிறுத்தவில்லை. வாரத்துக்கு மூன்று மாத்திரை. அக்ஸீலியா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நிலையத்தில் உப்பை வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொண்ட கதை, மேலாளர் திட்டிய கதை எல்லாவற்றையும் கேட்டாள். தலையைத் தடவினாள். மெதுவாகப் பேசினாள். அவன் நிம்மதியாக வேலைக்குப் போனான்.

மாலைகளில் ஜோவிக்கு அவளைப் பற்றிச் சொல்வது வழக்கம். ஜோவிக்கு ஆறு வயது.

"நான் வேலைக்குக் கெளம்பும்போது அம்மா வாசல் வரைக்கும் வருவா. 'பாத்துப் போய்ட்டு வாங்க'ன்னு சொல்லுவா."

"இல்லப்பா," என்றாள் ஜோவி. "'ஏ பைப்பு, சாவி எடுத்தியா'ன்னு உள்ள இருந்து கத்துவா."

"பைப்பா? யாரு பைப்பு?"

"நீதான். அம்மா உன்ன அப்படித்தான கூப்பிடுவா."

செல்வின் யோசித்துப் பார்த்தான். எதுவும் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரி அவள் புருஷனைக் கூப்பிடுவதை ஜோவி கேட்டிருப்பாள் என்று நினைத்தான். அவன் பணிக்குப் போகும் இரவுகளில் ஜோவி அந்த வீட்டில்தான் தூங்கினாள்.

அக்ஸீலியாவின் தம்பி ரொசாரியோ திருச்செந்தூரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோவியைப் பார்க்க வருவான். அவன் லில்லியைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான்கு வருடம் அக்கா அவனோடு பேசவில்லை. பேசாமலே போய்விட்டாள். ஒரு ஞாயிறு அவன் அதைச் சொல்லி அழுதபோது செல்வின் ஒரு பச்சைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு ரொசாரியோ முகம் கழுவிவிட்டது மாதிரி வந்தான்.

"அத்தான், இது மாத்திரை இல்ல, மாதா பிரசாதம். கனவுல அக்கா வந்தா. 'லில்லி நல்ல பொண்ணுடா, நாந்தான் தப்பாப் புரிஞ்சிட்டேன்'னு சொல்லுதா. கேட்டீயளா?"

"சந்தோசம் மாப்ள."

"எனக்கு எறா வறுத்துத் தந்தா. நீங்க ஒங்க கனவுல நெத்திலியோட நிக்கீய. சம்பளத்துக்கு ஏத்த கனவு போல."

இருவரும் சிரித்தார்கள். நல்ல ஞாயிறு அது.

மூன்று மாதம் கழித்து ரொசாரியோ அதே கதையைச் சொன்னபோது அதில் கனவு என்ற சொல் இல்லை.

"அக்கா ஆஸ்பத்திரியில எங்கிட்டப் பேசுனால்லா, அத்தான். என் கையப் பிடிச்சிக்கிட்டு. 'ஜோவிய நீயும் லில்லியும் வளங்க'ன்னு சொன்னா. நீங்க ராத்திரி ஷிப்டு. பிள்ளை ஊரார் வீட்டுல தூங்குது. நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"உன்கிட்ட எப்போ சொன்னா? என்கிட்டல்ல சொன்னா. யார்கிட்டயும் விட்றாதீங்கன்னு."

"எங்க வச்சி?"

"அங்கதான். ஐசியுல. அஞ்சாம் நாளு."

"பொய் சொல்லாதீங்க அத்தான். அஞ்சாம் நாளு சாயங்காலம் நாந்தான் உள்ள இருந்தேன். எனக்குத் தலையத் தடவிவிட்டா."

"எனக்குத்தான்டா தடவிவிட்டா!"

ஜோவி ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ரொசாரியோ வழக்குப் போடுவேன் என்றான். போடு என்றான் செல்வின்.

அந்த ஆண்டு இப்படிப் பல வழக்குகள் வந்திருந்தன. ஒரே அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள் மூன்று கடைசி ஆசைகளைச் சொன்னார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. குடும்ப நீதிமன்றம் இவற்றை நினைவுத் தகராறு என்று தனியாக வகைப்படுத்தி, கனவுப் பயிற்றுநரின் சான்றோடு வரச் சொன்னது. ஆகவே அவர்கள் ஜோவியையும் கூட்டிக்கொண்டு இசக்கியம்மாளிடம் போனார்கள்.

அவர் இருவரையும் தனித்தனியாகப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு சேர்த்து உட்கார வைத்தார்.

"தொண்டையில குழாய் இருக்கும்போது எப்படிப் பேசுனாங்க?"

"கொஞ்ச நேரம் எடுத்துவிட்டாங்க," என்றான் செல்வின்.

"ஆமா, எடுத்தாங்க," என்றான் ரொசாரியோ.

இசக்கியம்மாள் கோப்பிலிருந்து செல்வினின் விண்ணப்பத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். 'கடைசி நான்கு நாளும் பேசவில்லை. என்ன சொல்ல வந்தாள் என்று தெரிய வேண்டும்.' எழுத்து அவனுடையது. அவன் இரண்டு முறை படித்தான்.

"துக்கத்துல ஏதோ எழுதியிருக்கேன்," என்றான்.

"எத்தனை மாத்திரை போட்டீங்க?"

செல்வின் விண்ணப்பத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினான். அவர் ரொசாரியோவைப் பார்த்தார். அவன் மேசையைப் பார்த்தான்.

"ரெண்டு பேருமா? நல்லாருக்கு."

அப்போது ஜோவி தன் பள்ளி மின்பலகையைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா பேசுறத பாக்கணுமா? எங்கிட்ட இருக்கு. நான் டெய்லி பாப்பேன்."

செல்வினிடமும் அக்ஸீலியா பேசும் படங்கள் இருந்தன. அவள் போன பிறகு அவன் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. படத்தில் கேள்வி கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள்.

ஜோவியின் நான்காவது பிறந்தநாள். கொண்டையைத் தூக்கிக் கட்டியிருந்த ஒரு பெண், புறங்கையெல்லாம் கேக் கிரீமோடு திரைக்குள் வந்தாள். "ஏ பைப்பு, போனை நேராப் புடி! கை நடுங்குது பாரு, குடிச்சவன் மாதிரி." யாரோ தம்பியைக் கூப்பிடவில்லையா என்று கேட்டார்கள். "அந்தப் பயலா? வாசப்படி மிதிக்கட்டும், கால ஒடைச்சிக் கையில குடுக்கேன்." சொல்லிவிட்டு மூக்கால் உறுமுவது மாதிரி சிரித்தாள். பிறகு கிரீமை எடுத்து, படம் பிடிப்பவன் முகத்தில் பூச வந்தாள். படம் ஆடியது. செல்வினின் சிரிப்பு கேட்டது. அவ்வளவுதான்.

ஜோவி மின்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது அக்கா இல்ல," என்றான் ரொசாரியோ.

"இல்லை," என்றான் செல்வின். "முகம் கொஞ்சம் அவளை மாதிரிதான் இருக்கு. ஆனா அவ இப்படிக் கத்த மாட்டா."

"சிரிக்கதப் பாருங்க. அக்கா இப்படியா சிரிப்பா?"

"யாரோ செஞ்ச போலிப் படம். இப்போதான் எதை வேணும்னாலும் செய்றாங்களே."

"ஸ்கூல்ல எவனாவது ஏத்திவிட்டிருப்பான் அத்தான்."

"அம்மாதான்," என்றாள் ஜோவி.

இரண்டு ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இரக்கத்தோடுதான் பார்த்தார்கள்.

இசக்கியம்மாள் எழுந்து வந்து ஜோவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "நான் யாருக்கும் சான்று தரப்போறதில்ல," என்றார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. செத்துப்போன அந்தப் பிள்ளை உங்க ரெண்டு பேர்கிட்டயும் இப்போ இல்ல. நீங்களே அழிச்சிட்டீங்க. இந்தச் சின்னதுகிட்ட மட்டும்தான் மிச்சம் இருக்கு. இதுல கைய வைக்காதீங்க."

பேருந்தில் ரொசாரியோ செல்வினின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜோவி மாமா மடியில் தூங்கிவிட்டாள்.

"வழக்கு கிழக்குன்னு பேசினதுக்கு மன்னிச்சிக்கிடுங்க அத்தான்."

"விடு மாப்ள. நானும் கத்திட்டேன்."

"பிள்ளைய நெனச்சாத்தான் பாவமா இருக்கு. பெத்த தாய் முகமே மறந்துபோச்சு இதுக்கு. எவளோ ஒருத்தியப் பாத்து அம்மாங்குது."

"நாலரை வயசுலதானே போனா. எவ்வளவு ஞாபகம் இருக்கும்?"

"நமக்காவது அக்கா இருக்கா. இதுக்கு யாரு இருக்கா?"

செல்வின் மின்பலகையை எடுத்து அந்தப் படத்தை அழித்தான். பக்கத்தில் அதே பெண் இருந்த இன்னும் பதினோரு படங்கள் இருந்தன. அவற்றையும் அழித்தான். தன் கைப்பேசியில் இருந்தவற்றை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மருந்துக் கடையில் சிறுவர்களுக்கான சொட்டு மருந்து வந்திருந்தது. ஆறு வயதுக்கு மேல். முதலில் தூங்கி எழ வேண்டியதில்லை. ஆரஞ்சுச் சுவை, மாம்பழச் சுவை. ரொசாரியோ தான் வாங்கித் தருவதாகப் பிடிவாதம் பிடித்தான்.

சனிக்கிழமை ஜோவிக்குப் பள்ளி இல்லை. மதியச் சோற்றுக்குப் பிறகு அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். இசக்கியம்மாள் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். செல்வின் எடுக்கவில்லை. அவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். ரொசாரியோ சொட்டுக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தான்.

"கசக்குமா?" என்றாள் ஜோவி.

"மாம்பழம்டி செல்லம். மாமா நக்கிப் பாத்துட்டேன்."

"எதுக்கு இது?"

"அம்மாவப் பாக்கதுக்கு," என்றான் செல்வின். "கண்ண மூடிக்கிட்டு அம்மாவையே நெனச்சிக்கிட்டுப் படுக்கணும். அம்மா வருவா. நீ கேக்கதுக்கெல்லாம் பதில் சொல்லுவா. எந்திரிச்ச பிறகும் மறக்கவே மறக்காது."

ஜோவி நாக்கை நீட்டினாள். நான்கு சொட்டு. விழுங்கினாள். உதட்டை நக்கிக்கொண்டு படுத்துக் கண்ணை மூடினாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"எந்த அம்மாவ நெனைக்கணும்?"

செல்வினும் ரொசாரியோவும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.