ரோஹிணி ஒளித்து வைத்த பாட்டில்

சமையலறை அலமாரியை மூன்றாவது முறையாகத் துழாவினாள் தபீதாள். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இல்லை. எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்திலும் இல்லை. அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகிய வாசனை கூடம்வரை போய்விட்டது.

"என்ன தபீ, இன்னிக்குக் காபி உண்டா இல்லையா?" கூடத்திலிருந்து லாசரஸின் குரல்.

"இருங்க… அந்தக் கத்தாழைப் பாகு பாட்டிலைக் காணோம்!"

கூடத்தில் செய்தித்தாள் சரசரத்தது.

"நான்தான் எடுத்து வெச்சிருக்கேன் அத்தை."

திரும்பிப் பார்த்தாள். மருமகள் ரோஹிணி வேலைக்குக் கிளம்பி, தோளில் பையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். பரிசோதனைக்கூடம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஏழரைக்குள் அங்கே இருக்க வேண்டும்.

"எடுத்து வெச்சிருக்கியா? எதுக்கு?"

"மாமாவுக்கு இனிமே அது வேண்டாம் அத்தை."

தபீதாளுக்குக் காது சூடேறியது. வேண்டாமாமே! பதினாறு வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் வந்த இனிப்பு அது.

லாசரஸ் தாம்பரம் பீச் மின்சார ரயிலில் மோட்டார்மேனாக இருந்தவர். ஐம்பத்தோராம் வயதில் சர்க்கரை வியாதி வந்தது. அன்றைக்குச் சிட்லபாக்கம் வீட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை வெளியேற்றியவள் தபீதாள்தான். கல்யாணப் பந்தியில் அவர் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்துத் தன் இலை ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள். தானும் அதைத் தொடமாட்டாள். அவர் சாப்பிடாததைத் தானும் சாப்பிடுவதில்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்ட ஒரு கணக்கு. பதினாறு வருடத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்ததெல்லாம் வேறு. "புருஷனுக்கு ஒரு வாய் இனிப்பு கொடுக்க மனசு வராது அவளுக்கு" என்றார்கள் உறவுக்காரர்கள். லாசரஸும் சளைத்தவரா? "ரயிலை நிறுத்த சிக்னல்… என்னை நிறுத்த இவ!" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடவே சிரித்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவின் டாலஸிலிருந்து வந்த மகள் கெசியா, துண்டில் சுற்றி மூன்று பாட்டில் கொண்டுவந்தாள். "கத்தாழையிலேருந்து எடுக்கற பாகும்மா. சர்க்கரை மாதிரி சட்டுனு ஏத்தாது. அப்பாவுக்குக் கொடுக்கலாம்."

"தண்டவாளத்து ஓரம் வேலியா நிக்குமே, அந்த ஆனைக்கத்தாழையா?" என்று லாசரஸ் வியந்துபோனார்.

"அந்த ஜாதிதான்பா. மெக்சிகோவிலே விளையறது."

ரோஹிணி அப்போதே சொன்னாள். "மெதுவா ஏறும் அத்தை, அவ்வளவுதான். இதுவும் சர்க்கரைதான். ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்." தபீதாளும் ஒப்புக்கொண்டாள். முதல் நாள் அந்தக் காபியைக் குடித்துவிட்டு லாசரஸ் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "கல்யாணமான புதுசுல நீ போட்ட காபி மாதிரி இருக்கு தபீ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினாறு வருடம் காத்திருந்தவள் போல அவள் அன்று முழுக்க வீட்டுக்குள் பறந்து பறந்து வேலை செய்தாள்.

மூன்றில் மிச்சமிருந்த அந்தக் கடைசி பாட்டிலைத்தான் இவள் ஒளித்து வைத்திருக்கிறாள்!

"ஒரு ஸ்பூன் போடலாம்னு நீதானே சொன்னே? இப்போ திடீர்னு என்ன வந்துது?"

ரோஹிணி வாயைத் திறந்தாள். பார்வை ஒரு கணம் கூடத்துப் பக்கம் போனது. அங்கே செய்தித்தாள் லாசரஸின் முகத்தை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.

"காரணம் கேக்காதீங்க அத்தை. வேண்டாம்னா விட்டுடுங்களேன்… ப்ளீஸ்."

"கேக்கக் கூடாதா? நேத்து வந்தவ நீ! அவருக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு பதினாறு வருஷமா பாத்துப் பாத்து வடிச்சுப் போட்டவ நான். எனக்குச் சொல்றியா?"

"அத்தை, சத்தம் போடாதீங்க… மாமா நல்லதுக்குத்தான்…"

"நல்லதா? பெத்த அப்பன் உயிரோட இருந்தப்போ கடைசியா எட்டிக்கூடப் பாக்காதவ… உனக்கென்ன தெரியும் ஒரு மனுஷனோட ஏக்கம்!"

சொல்லி முடித்தபிறகுதான் தபீதாளுக்கே திக்கென்றது. ஆனால் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

ரோஹிணி அழவில்லை. உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. புடவை மடிப்புக்குள்ளிருந்து எடுத்த பாட்டிலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "மன்னிச்சிடுங்க அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்த மகன் ஷெர்வின், கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றான்.

"அம்மா… என்னம்மா பேசிட்டீங்க?"

ரோஹிணி குன்றத்தூர்ப் பெண். அப்பா அப்பாதுரை, மலையடிவாரத்தில் நிலபுலன் இருந்த குடும்பம். வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர் அவளோடு பேச்சை முறித்துக்கொண்டார். கல்யாணமான மறுவருடமே இறந்துபோனார். சாவுச் செய்தி கேட்டு ரோஹிணி ஓடினாள். சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று தபீதாள் கேட்கவில்லை. கேட்டால் அழுவாளே என்று நினைத்தாள். பிறகு நாள் ஓடிவிட்டது, கேட்கவேயில்லை.

அந்த மாதக் கடைசியில் ஷெர்வின் பல்லாவரத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். "ஆபீசுக்குக் கிட்டக்கம்மா" என்றான். பொய் என்று நாலு பேருக்கும் தெரியும். ரோஹிணி மட்டும் போகும்போது மாமாவின் மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்துப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். லாசரஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியே ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் லாசரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். முதுகுவரை வலி, நிற்காத வாந்தி. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"கணையம் வீங்கியிருக்கு. ரத்தத்துல கொழுப்பு கண்டபடி ஏறியிருக்கும்மா, எடுத்த ரத்தம் தெளிஞ்சா பால் மாதிரி நிக்குது" என்றார் டாக்டர். "இனிப்பு ஏதாவது சாப்பிடறாரா?"

"ஐயோ, சர்க்கரையே வீட்டுல கிடையாது டாக்டர்! காபிக்குக் கத்தாழைப் பாகு, ஒரு ஸ்பூன்… அதுவும் மக கொண்டுவந்தது தீர்ந்து ஒரு மாசமாச்சு. வீட்டு மிஷின்ல பாத்தாலும் பெருசா ஏறலையே?"

"அந்த மிஷின்ல இது அவ்வளவா காட்டாது. அதனாலேயே நிறைய பேர் ஏமாந்துடறாங்க. ஒரு ஸ்பூன் ஒண்ணும் பண்ணாது. ஆனா அளவில்லாமப் போனா நேரா கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாயிடும். இவருக்கு ஏறியிருக்கறதைப் பாத்தா ஒரு ஸ்பூன் கணக்கு இல்லம்மா."

மூன்றாம் நாள் லாசரஸுக்கு வலி குறைந்து நினைவு தெளிந்தது. ஷெர்வின் கைபேசியில் கெசியாவைக் கூப்பிட்டு அப்பாவைக் காட்டினான். அப்பாவைப் பார்த்ததும் அவள் கதறினாள். அடுத்த நிமிஷம் அம்மாவின் பக்கம் பாய்ந்தாள்.

"ஏம்மா, ஒரு ஸ்பூன்னு சொல்லித்தானே கொடுத்துட்டு வந்தேன்? பாசம் பாசம்னு அள்ளி ஊத்தியிருக்கியே… அப்பாவைக் கொன்னுடப் பாத்தியா?"

தபீதாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் கொடுக்கவில்லை என்று ஏச்சு. இன்றைக்குக் கொடுத்தாய் என்று ஏச்சு. அதுவும் பெற்ற மகள் வாயால்! "நான் ஒரு ஸ்பூனுக்கு மேல…" என்று தொடங்கியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை மேல தப்பில்லக்கா."

வேலையிலிருந்து நேராக வந்த ரோஹிணி, வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் கதவருகே நின்றிருந்தாள்.

"பின்னே யார் மேல தப்பு? சொல்லு!"

ரோஹிணி உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். அறையில் மருந்து சொட்டுகிற குழாயை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என் மேல." கட்டிலிலிருந்து வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "என் மேலதான்… அந்தப் பொண்ணை இன்னும் எத்தனை நாளுக்கு வாயைக் கட்டிப்போட்டு நிக்க வைப்பேன்!"

"என்னங்க சொல்றீங்க?"

"திருடிக் குடிச்சேன் தபீ. நீ ஜெபக் கூட்டத்துக்குப் போற நேரமெல்லாம் டம்ளர்ல ஊத்திக் குடிச்சேன். ஒரு நாள் இவ சீக்கிரம் வந்து பாத்துட்டா. அத்தைகிட்ட சொல்லாதேன்னு கெஞ்சினேன்… கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன். 'சொல்ல மாட்டேன் மாமா, ஆனா பாட்டில் இனிமே சமையக்கட்டுல இருக்காது'ன்னா. நீ அவளை அந்தப் பேச்சுப் பேசினப்போ… நான் பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டேனே! பாட்டில் தீர்ந்தப்புறமும் புத்தி வரல. குரோம்பேட்டையிலே கடையிலேயே விக்குது. வாக்கிங் போறேன்னு போய் வாங்கி, பழைய ரயில்வே டிரங்குப் பெட்டிக்குள்ள வெச்சுக் குடிச்சேன்…"

அவர் குழந்தை மாதிரி விசும்பினார். கைபேசியில் கெசியா, "அம்மா… சாரிம்மா…" என்று சொல்வது கேட்டது. தபீதாள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் ரோஹிணியைத் தேடினாள். ரோஹிணி மாமாவின் தலையணையைச் சரி செய்து, குழாயைப் பார்த்துவிட்டு, "எனக்கு டியூட்டி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

லாசரஸ் வீடு திரும்பிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை தபீதாள் பல்லாவரத்துக்கு ரயில் ஏறினாள். சந்தை நாள். நடைமேம்பாலத்தில் கூட்டம் நெரிந்தது. எதுவும் வாங்கத் தோன்றவில்லை. வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டினாள்.

ரோஹிணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தபீதாள் அதைத் தொடவில்லை.

"பதினாறு வருஷமா அவருக்குக் காவல் நின்னவம்மா நான். ஊரே என்னைப் பேசிச்சு. அந்தக் காவலை நீ நின்னப்போ… நானும் ஊர் மாதிரியே உன்னைப் பேசிட்டேன். என்னை மன்னிச்சிடு ரோஹிணி…"

"மன்னிச்சுட்டேன் அத்தை. அன்னிக்கே." அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஆனா அந்த வார்த்தை மட்டும் போக மாட்டேங்குது. ராத்திரி படுத்தா, காதுல கேக்குது."

"அன்னிக்கு… உங்கப்பா போனப்போ… என்ன நடந்துதும்மா?"

மூன்று வருடத்தில் முதல்முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி. ரோஹிணியின் முகம் கோணிக்கொண்டது.

"அண்ணன் கேட்டைத் தாண்ட விடலை அத்தை. தெருவிலேயே நின்னேன். தூக்கிட்டுப் போறப்போ கூட்டத்துக்கு நடுவுல காலை மட்டும் பாத்தேன். ஒரு கால்ல பாதம் இல்லை… எடுத்துட்டாங்களாம், எனக்குச் சொல்லவே இல்லை. அப்பாவுக்கும் சர்க்கரைதான். ஊர் உலகத்துக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பாக்கறேன், எங்கப்பாவுக்குப் பாக்க முடியலையே! அதான்… மாமாவையாவது…"

தபீதாள் எழுந்து அவளை அப்படியே மார்போடு இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். மாவரைக்கப் போட்டிருந்த மிக்சி மூடியைக் கூடத் திறக்காமல், மத்தியானம்வரை ரோஹிணி அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"வீட்டுக்கு வந்துடும்மா" என்றாள் தபீதாள் கடைசியில்.

"வேண்டாம் அத்தை. கோவம் இல்லை… இப்போதைக்கு இங்கேயே இருக்கோம். வாராவாரம் வந்து மாமாவுக்கு டெஸ்ட் எடுக்கறேன்." கொஞ்சம் தயங்கினாள். "வர புதன்கிழமை அப்பாவுக்கு வருஷம். படையல் போடுவாங்க. போன ரெண்டு தடவையும் போகவே பயந்து இருந்துட்டேன்."

"நான் வரேன் உன்கூட."

"அண்ணன் ஏதாவது பேசினா…"

"பேசட்டும். உள்ளே விட்டா ரெண்டு பேரும் போவோம். விடலைன்னா ரெண்டு பேரும் திரும்பி வருவோம். தனியா நிக்க மாட்டே, அவ்வளவுதான்."

புதன்கிழமை குன்றத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் நடந்தார்கள். கேட்டருகே ரோஹிணியின் அண்ணன் நின்றிருந்தான். தங்கையைப் பார்த்தான். அவள் கையைப் பற்றியிருந்த, நெற்றியில் பொட்டில்லாத அந்த வயதான அம்மாளைப் பார்த்தான்.

"தம்பி, நான் இவ மாமியார்" என்றாள் தபீதாள். "தப்பு எல்லாம் பெரியவங்க நாங்க பண்ணினது. புள்ளை அப்பா முகத்தைப் பாத்துட்டுப் போயிடட்டும்பா."

அவன் மெதுவாகக் கேட்டிலிருந்து கையை எடுத்தான்.

ரோஹிணி உள்ளே ஓடினாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் அவள் "அப்பா…" என்று விழுந்த சத்தம் தெருவரை கேட்டது. தபீதாள் உள்ளே போகவில்லை. வாசற்படி ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே அழுகை ஓய்கிறவரை நின்றுகொண்டிருந்தாள்.