உடன்காய்ச்சல்

மகளுக்குக் காய்ச்சல் வரும் நாளில் தணிகைவேல் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிடுவான். காரணம், அவனுக்கும் காய்ச்சல். யாரும் துருவிக் கேட்பதில்லை. பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் இப்போது அப்படித்தான்.

மாதம் தவறாமல் வந்துபோகும் நறுமுகையின் காய்ச்சலுக்கென்று தனி மருந்து கிடையாது. பெரியவர்களின் மூட்டுவலிக்கு ஒரு காலத்தில் கொடுத்த மாத்திரையைத்தான் அவளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சூட்டைக் கருவி சொல்லிவிடும். வலியை? ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சரியாகச் சொல்லத் தெரியாது என்று சட்டமே முடிவுகட்டிவிட்டது. அதனால் பெற்றவர் கையில் ‘பகிர்பட்டை’ கட்டுவார்கள். குழந்தையின் வலி அப்படியே அவர் உடம்பில் இறங்கும். மருந்து கேட்கிறதா என்பதற்கு அவர் சொல்வதே சாட்சி.

போன மாதம் முழங்காலைப் பிடித்துத் திருகுவது போன்ற வலியில் தணிகைவேல் சுருண்டுபோனான். இந்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே வலி மாத்திரை போட்டுக்கொண்டான். மகள் பக்கத்தில் தெம்பாக உட்கார வேண்டாமா என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். வெறும் பயம்தான், வேறொன்றுமில்லை.

நறுமுகைக்கு மருந்து கொடுத்து, அவன் கையில் பட்டையைக் கட்டிச் சற்று நேரம் கழித்து, "எப்படியிருக்கு சார்?" என்றார் டாக்டர் ஹசீனா.

"வலி தெரியல டாக்டர்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "சூடும் இறங்கியிருக்கு. அப்ப மருந்து கேக்குது. பாப்பாவுக்கு வேற எதுவும் தர வேண்டாம். நாளைக்கே மத்த பிள்ளைங்களுக்கும் ஆரம்பிச்சிடலாம்."

அவர் வெளியே போனதும் நறுமுகை மெல்லக் கேட்டாள். "அப்பா, உனக்கு நெஜமாவே வலிக்கலையா?"

"இல்லடா கண்ணு."

"அப்ப எனக்கும் வலிக்கல," என்றாள். முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

தணிகைவேலுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எழுந்து ஓடி, நடைவழியில் டாக்டரை நிறுத்தினான். "நான் மாத்திரை போட்டுட்டு வந்தேன் டாக்டர்," என்றான். தலை நிமிரவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் நேரே அறைக்குத் திரும்பினார். கட்டிலருகே குனிந்து, எந்த மருத்துவரும் எந்தப் பிள்ளையிடமும் கேட்காததைக் கேட்டார்.

"நீயே சொல்லும்மா. எங்க வலிக்குது?"

நறுமுகை அவரைப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்ட தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பாவைக் கேளுங்க," என்றாள். "அப்பாவுக்குத்தான் சரியாத் தெரியும்."