வேலிக்குள் அறுத்த சேவல்

ஊரடங்கு மணி ஓய்ந்த பிறகும் கோழிகள் கூட்டுக்குள் போகவில்லை.

குஞ்சம்மா பின்வாசல் படியில் நின்று பார்த்தாள். பொழுது சாய்ந்தால் யாரும் விரட்டாமலே வந்து அடைகிற கோழிகள். லயத்து ஆம்பிளைகளுக்கு இந்தப் புத்தி வராதா என்று அவள் கேலி பேசுவதுண்டு. இன்று பெட்டைகள் எல்லாம் கூட்டின் முன்னால் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு, முள்வேலி மூலையையே பார்த்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. வேலிக்கு அப்பால் பால்மரக் காட்டின் ஈர இலை வாடை, புளித்த ரப்பர்ப் பாலின் நாற்றம், இரண்டுக்கும் நடுவே மெல்லிசாகச் சுருட்டுப் புகை. அந்த லயத்து வரிசை வீடுகளில் சுருட்டுப் பிடிக்கிறவர் யாரும் கிடையாது.

சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரை எதிர்க்கும் துப்பாக்கிக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போக முடியாது. மணி அடித்த பிறகு வெளியே எது அசைந்தாலும் சுடலாம் என்பது உத்தரவு. குஞ்சம்மாவின் வீடு வேலியை ஒட்டிய கடைசி வீடு. கூப்பிடு தூரத்தில் கேட். அங்கே அவள் கணவன் தம்புசாமிதான் இந்த வாரம் ஊர்க்காவல்.

தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்குத் தெரியும். மகள் மீனம்மா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்துவிட்டது. ஆனால் முனியாண்டியின் கல் வேலிக்கு வெளியே, ஆற்றோரத்தில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. கேட்டில் சேவலை விடமாட்டோம் என்றுவிட்டார்கள். நேர்த்திக்கடனைப் பாக்கி வைக்க மனசு வராமல், நேற்றுக் கூட்டுக்குப் பின்னாலேயே சேவலை அறுத்து, சூடம் ஏற்றி, "வேலியத் தாண்டி வந்து வாங்கிக்க சாமி" என்று கும்பிட்டாள்.

அடுத்த வீட்டு முனியாயிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"முனியை எல்லையில வச்சுத்தான் கும்பிடணும். நீ வீட்டுக்கு வான்னு கூப்ட்டுருக்க. திரும்பிப் போன்னு யாரு சொல்றது?"

"சாமிதானே அக்கா. என்னா செஞ்சிடும்?"

"சாமிதான். ஆனா கூப்ட்ட வீட்டுலேருந்து வெறுங்கையோட போவாதுலா."

அப்போது சிரித்தாள். இப்போது படியை விட்டு இறங்கினாள்.

"பா... பா... பா..." தேங்காய்ப் பூவைத் தூவிக் கோழிகளைக் கூப்பிட்டாள். ஒன்றும் திரும்பவில்லை.

வேலி மூலையின் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பா... பா... பா..."

அவள் குரல். அதே இழுப்பு, அதே கடைசி இறக்கம். கோழிகள் ஓடின. ஒன்றன் பின் ஒன்றாக இருட்டுக்குள் நுழைந்தன. சிறகடிக்கும் சத்தமில்லை. பிறகு முற்றம் காலி.

குஞ்சம்மா உள்ளே பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டாள். மீனம்மாவை வாரி மடியில் வைத்துக்கொண்டு பலகைச் சுவரைத் தட்டினாள். கத்தினால் யாராவது வருவார்களா? யாரும் வாசல் தாண்ட முடியாது. அவளும்தான்.

"அக்கா... முனியாயி அக்கா..."

சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கிறீச்சிட்டது.

"மணி அடிச்சப்புறம் பின்னால என்னாடி பண்ற? வேலிகிட்ட நிக்காத குஞ்சம்மா, சுட்டுருவான். உள்ள போ."

"நான் உள்ளதான்க்கா இருக்கேன்."

ஜன்னல் மெல்லச் சாத்தப்பட்டது. சுருட்டு வாடை இப்போது கதவிடுக்கில் வந்தது.

"மீனா. வாம்மா."

வெளியிலிருந்து. அவள் குரல்தான்.

மீனம்மா தலையைத் தூக்கினாள். கதவைப் பார்த்தாள். பிறகு தன்னைக் கட்டிப் பிடித்திருந்தவளின் முகத்தை, முன்பின் பார்த்திராதவளைப் பார்ப்பதுபோல, உற்றுப் பார்த்தாள்.

"அம்மா வெளிய கூப்புடுது," என்றாள். "நீ யாரு?"

"நான்தான்டி அம்மா. போகாதடி தங்கம்."

பிள்ளை அவள் மணிக்கட்டைக் கடித்தது. பிடி விட்டது. தாழ்ப்பாள். கதவு. இருட்டு.

குஞ்சம்மா படி வரை ஓடினாள். கேட் விளக்கு திரும்பி அவள் கண்ணில் அடித்தது.

"யாரது? அசையாத."

தம்புசாமியின் குரல். ஏங்க, நான்தாங்க, பிள்ளையப் பிடிங்க. சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். காற்றுகூட இல்லை.

கேட்டருகில் அவள் குரல் பேசிற்று.

"நான்தாங்க. கதவத் தொறங்க. பிள்ளையக் கூட்டிட்டுக் கல்லுகிட்ட போயிட்டு வந்துடறேன்."

தம்புசாமி கேட்டைத் திறந்து ஒதுங்கினான். மீனம்மா ஒரு கையை உயரத் தூக்கி, யாரோ ஒருவரின் விரலைப் பற்றியவள்போல நடந்து, வெளிச்சத்தைக் கடந்து, பால்மரங்களுக்குள் போனாள். அவளுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "சீக்கிரம் வந்துடு புள்ள" என்றான் தம்புசாமி. கேட்டைச் சாத்தினான். பூட்டினான். பிறகு, படியில் நின்றவளை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினான்.