காயாத நிறம்

மகளின் தோளில் ஏதோ பெயிண்ட் பட்டிருந்தது. கார்களுக்குப் பெயிண்ட் கலக்குவதுதான் அவன் தொழில். எந்த நிறத்தைப் பார்த்தாலும் எதோடு எதைச் சேர்த்தால் அது வரும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு மட்டும் போடவில்லை. நீலமில்லை, சிவப்பில்லை, இரண்டுக்கும் நடுவிலும் இல்லை.

மனிதக் கண்ணுக்கு எட்டாத நிறங்களும் தெரியும் என்று சொல்லி, பட்டறை முதலாளிதான் போன மாதம் அவன் கண்ணுக்குள் புது லென்ஸ் வைக்க ஏற்பாடு செய்தார். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை தெரிந்தது. தலைகால் புரியாமல் திரிந்தான், பட்டறை ஸ்டோர்கீப்பரின் பிடரியில் இதே நிறத்தைப் பார்க்கும்வரை.

"அண்ணே, கழுத்துல என்னமோ ஒட்டியிருக்கு."

"உன் கண்ணுலதான்டா ஒட்டியிருக்கு" என்று சிரித்தார் அவர். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவே இல்லை. பிணத்தின் பிடரியில் அது காய்ந்து மங்கியிருந்தது.

மகளின் தோளில் இருந்ததோ பளபளத்தது. காயாத பெயிண்டின் மினுக்கம் அவனுக்குத் தெரியாதா? புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஒட்டியது.

சாயங்கால வெயில் மகள் உட்கார்ந்திருந்த கட்டில்வரை நீண்டு கிடக்க, அடுப்படியில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு நடுவே, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் மூக்கை அடைக்கும் நெடியோடு அவள் தோளை அழுத்தித் தேய்த்தான்.

"அப்பா, எரியுதுப்பா!"

"பொறுத்துக்கோடா கண்ணு. போயிடும்."

தோல்தான் சிவந்தது. மனைவி ஓடிவந்து துணியைப் பிடுங்கினாள்.

"குழந்தை மேல தின்னரா? என்னங்க ஆச்சு உங்களுக்கு? அங்க ஒண்ணுமே இல்லையே!"

"இருக்குடி. எனக்குத் தெரியுது."

அப்போதுதான் வடிவம் புரிந்தது. கறையில்லை. விரல்கள். மனிதக் கைக்கு இல்லாத நீளம்.

சுவரைப் பார்த்தான். அங்கேயும். கதவில். கூரையில். எல்லாம் ஈரம். எல்லாம் கட்டிலை நோக்கி.

மகளை வாரி அணைத்துக்கொண்டான். "என்னை எடுத்துக்கோ. இவளை விட்டுடு" என்று வெற்று அறையைப் பார்த்துக் கெஞ்சினான். மனைவி அழ ஆரம்பித்தாள்.

மகளின் கன்னத்தில் ஒரு விரல் பதிந்தது. அடுத்தது. இன்னொன்று. கன்னம் மெல்லக் குழிந்தது.

"அப்பா, உங்க கை ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு?"

அவன் இரு கைகளும் அவள் முதுகில் இருந்தன.