இடது கண்ணுக்குப் பொருத்தம்

"நிறம் சேரலைன்னு நாலு நாளா கத்திக்கிட்டிருக்கேன், நீ காதுலயே—"

"சேராம எங்க போகும்? இதே நாற்காலியில ஆறு பகல் உன்னை உட்கார வச்சு, உன் வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து—"

"பார்த்தே, பார்த்தே! பார்த்து என்னத்தை வரைஞ்சே?"

"வாயை மூடிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்புடி."

தங்கை திரும்பவில்லை. ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில், கண்ணாடிக்குப் பின்னால் இருபது வருஷம் உட்கார்ந்தவள். கத்தினால்தான் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும் என்கிற பழக்கம் வீட்டிலும் விடவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு விபத்தில் இடது கண் போயிற்று. போன கண்ணின் இடத்தில் வைக்கிற பொய்க் கண்ணைச் செய்வதுதான் அக்காவின் தொழில். யார் யாருக்கோ செய்தவள் கூடப் பிறந்தவளுக்குச் செய்யமாட்டாளா?

"முன்னெல்லாம் டிக்கெட் வாங்கறவங்க என் இடது கண்ணைத் திருட்டுத்தனமா பார்ப்பாங்க. சரி, பொய்க் கண்ணு, பார்த்துட்டுப் போகட்டும். இந்த வாரம் ஒருத்தர் விடாம வலது கண்ணைப் பார்க்கறாங்கக்கா. நேத்து ஒரு குழந்தை பார்த்துட்டு ஓன்னு அழுதுச்சு."

"உன் மூஞ்சியைப் பார்த்து அழுதிருக்கும்."

சிரிப்பு வரவேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

அக்காவுக்குக் களைப்பு. ஒரு நாள் தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை, எலும்புக்குள் இறங்கிக் குடியிருக்கிற களைப்பு. கழுத்து நரம்பு சுண்டிச் சுண்டி இழுத்தது. மேஜை மேல் முட்டை அட்டைகளின் குழிகளில், சட்டைப் பொத்தான் அளவு வட்டுகளில், வரைந்து முடித்த கருவிழிகள் வெள்ளையும் இல்லாமல் இமையும் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தன. அறை முழுக்க வார்னிஷ் நெடி. வெளியே மேகம் மூடி, வடக்கு ஜன்னல் வழியாக வந்த பகலின் கடைசி வெளிச்சம் அழுக்குத் துணிபோல மேஜையில் கிடந்தது. இன்னும் ஒன்பது கண்கள் பாக்கி. படுத்தால் போதும் என்றிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேனே. பார்வை முன்னைவிட நல்லாருக்காம். ரெண்டு பக்கமும் அகலமா தெரியுதுன்னு சொன்னேன், சந்தோஷம்னு அனுப்பிட்டார்."

அக்கா இழுப்பறையைத் திறந்து தங்கையின் பதிவு அட்டையை எடுத்தாள். யார் வந்தாலும் முதல் நாளே இருக்கிற கண்ணைப் பார்த்து, அட்டையின் மூலையில் மாதிரி ஒன்று வரைந்து வைப்பது அவள் வழக்கம். இந்த அட்டையிலும் இருந்தது. காப்பிக்கொட்டைப் பழுப்பு, அதைச் சுற்றி ஏறக்குறையக் கறுப்பாக ஒரு வளையம், நடுப்புள்ளியை ஒட்டிச் செங்கல் நிறத்தில் நாலைந்து இழைகள். அட்டையைத் தங்கையின் வலது கன்னத்தருகே பிடித்தாள்.

வளையம் இல்லை. இழைகள் இல்லை. தங்கையின் வலது கருவிழி மஞ்சளாக இருந்தது. தேன் நிறம்கூட இல்லை. காய்ந்த வைக்கோல்.

காமாலை வந்தால் கண்ணின் வெள்ளைதான் மஞ்சளாகும். கருவிழி மாறாது. முப்பது வருஷத்தில் மாறிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். அவள் கையாலேயே குழைத்த மஞ்சள்.

"என்ன, ஊமையாயிட்டே?"

"ஒண்ணுமில்லை. போய்ச் சாப்பிடு. வெளிச்சம் போதலை."

தங்கை முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

அக்கா மேஜைக்கு அடியில் இருந்த தகர டப்பாவைப் பார்த்தாள். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து நிறுத்துகிற மிருகங்களுக்கும் அவள்தான் கண் வரைகிறாள். மிருகத்தின் வட்டு மூடி போட்ட டப்பாவில், மனிதருடையது முட்டை அட்டையில். தொழில் பழகிய நாளிலிருந்து ஒரு தடவைகூட மாறியதில்லை.

ஒரே ஒரு தடவையைத் தவிர. தங்கைக்கு வரைந்த ஏழாவது வட்டும் சூட்டில் வெடித்துப் போன மாலை. மறுநாள் காலை கண்ணைப் பொருத்தியாக வேண்டும். வீட்டிலிருக்கிற முகம் பார்க்கும் கண்ணாடியையெல்லாம் கழற்று என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் தங்கை. எட்டாவதாக ஒன்றை முதலிலிருந்து வரைய அக்காவின் கைக்குத் தெம்பில்லை. டப்பாவைத் திறந்தாள். பாதி முடித்த ஆட்டின் கருவிழி ஒன்று. வைக்கோல் மஞ்சள், நடுவே படுக்கைவாட்டில் கறுப்புப் பட்டை. அதன்மேல் பழுப்பை இரண்டு பூச்சுப் பூசினாள். நடுவில் வட்டமாகக் கறுப்புப் புள்ளி வைத்தாள். மேலே பளபளப்பான மூடி வந்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க, எப்போதும்போல ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். தண்ணீருக்கு அடியில், பழுப்புக்கும் அடியில், பட்டை லேசாகத் தெரிந்தது.

முந்தானையால் தண்ணீரைத் துடைத்துவிட்டாள். தூக்கம் வந்தது. அவ்வளவுதான்.

பொய்க் கண் நிஜக் கண்ணோடு சேரவேண்டும். அதுதான் தொழில். அக்கா அட்டையை மெதுவாக, சத்தமில்லாமல், இழுப்பறைக்குள் தள்ளினாள்.

"எதுக்குக்கா அதை ஒளிக்கிறே?"

சமையலறையிலிருந்து. அக்கா தலையைத் தூக்கினாள். தங்கை அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. திரும்பவே இல்லை.

"நீ… எப்படிப் பார்த்தே?"

வேறொரு சத்தம் வந்தது. மெல்லுகிற சத்தம். நிதானமாக, பக்கவாட்டில், பல்லோடு பல் அரைபட. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பாத்திரம் மூடியிருந்தது. வாயில் போட அங்கே ஒன்றுமில்லை. சத்தம் நிற்கவில்லை.

இருக்கிறது அவளுக்கு ஒரே ஒரு கண். அதையும் நான் கெடுத்து—

"இங்க வா. அந்தக் கண்ணை எடுத்துடலாம்."

"ஏன்?"

"அது உனக்குன்னு வரைஞ்சதில்லைடி."

மெல்லுவது நின்றது. "யாருக்கு வரைஞ்சது?"

"ஆட்டுக்கு. மன்னிச்சுடு. அன்னிக்கு எனக்கு முடியலை. சத்தியமா முடியலை."

கத்துவாள் என்று காத்திருந்தாள். பிறந்ததிலிருந்து கத்துகிறவள். கத்தவில்லை. வந்து, நாற்காலியில், கைகளை மடியில் வைத்து, அடக்கமாக உட்கார்ந்தாள். அறை இருண்டிருந்தது. அக்கா விளக்கின் விசையைத் தட்டினாள்.

வெளிச்சம் பட்டால் கண்ணின் நடுப்புள்ளி சுருங்கும். எல்லோருக்கும் சுருங்கும். வட்டமாக.

தங்கையின் வலது கண்ணில் புள்ளி மேலிருந்து கொஞ்சம் மூடியது. கீழிருந்து கொஞ்சம் மூடியது. பட்டையாக நின்றது. படுக்கைவாட்டில்.

"தலையை… இடது தோள் பக்கம் சாய்." சாய்த்து இமையை இழுத்தால் பொய்க் கண் உள்ளங்கையில் விழும். ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தைதான். குரல்தான் யாருடையதோ.

தங்கை சாய்த்தாள். தலை சாய்ந்தது. நெற்றி சாய்ந்தது. புருவம் சாய்ந்தது.

பட்டை சாயவில்லை. குனிந்து மேய்கிற ஆட்டின் கண்ணில்போல, மஞ்சளுக்குள் மெல்ல உருண்டு, தரைக்கு இணையாக நின்றது.

அக்கா இடது கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்தாள். கண் விழவில்லை. சூடாக இருந்தது. அவள் செய்த கண். அவள் பூசிய பழுப்பு கரைந்து கன்னத்தில் வழிந்தது. அவள் வைத்த வட்டப் புள்ளி வழிந்தது. அடியில் இருந்தது வழியவில்லை.

வரைந்த கோடு. தூரிகையால் வரைந்த கோடு.

அதுவும் உருண்டது. தரைக்கு இணையாக நின்றது.

"அக்கா, இப்ப சேருதா?"